தலைப்பில் கொடுத்த வாக்கு

(காட்சித் தொடர்பியல் மாணவர்களும் யூடியூப் சேனல் நடத்துபவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேனல் நடத்துகிற இரண்டு பேர் சந்தித்தால், நலம் விசாரித்து முடிப்பதற்குள் ஒரு பேச்சு வந்துவிடும். "ரீச் போயிடுச்சு." போன மாதம் வரை லட்சத்தில் ஓடிய வீடியோ இந்த மாதம் ஐயாயிரத்தில் நிற்கிறது. அல்காரிதத்தை மாற்றிவிட்டார்கள் என்பார் ஒருவர். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுப் பாருங்கள் என்பார் இன்னொருவர். ஹேஷ்டேக், தம்ப்நெயில் நிறம், ஷார்ட்ஸ் என்று பேச்சு நீளும். இதில் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள்: அந்த வீடியோவைப் பார்க்க உட்கார்ந்தவர். இன்று அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நீங்கள் ஒரு தலைப்பு வைக்கும்போது அவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறீர்கள். அவர் தன் நேரத்தை அதன்மேல் வைக்கிறார். வாக்கு நிறைவேறாவிட்டால் அவர் உங்களிடம் சண்டைக்கு வரமாட்டார். பேசாமல் போய்விடுவார், அடுத்த முறை வரமாட்டார். ரீச் ஒரு கணக்கு, நம்பிக்கை வேறு கணக்கு என்று நினைக்கிறவர்கள் இந்தப் பேசாமல் போகிறவரைக் கவனிப்பதில்லை. வீடியோ தளங்களோ அவரைக் கவனிக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன. எப்படிக் கற்றன என்பது தெரிந்தால், எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

யூடியூப் 2005இல் பிறந்தது. முதல் ஏழு ஆண்டுகள் எந்த வீடியோவைப் பரிந்துரைப்பது என்பதை முக்கியமாக வியூஸ்தான் தீர்மானித்தது. எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. அதன் விளைவு 2011, 2012 வாக்கில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிரபலமான வீடியோவுக்குப் பதில் வீடியோ போடும் வசதி அப்போது உண்டு. கழுத்திறக்கம் அதிகமான உடையில் ஒரு பெண்ணின் படத்தைத் தம்ப்நெயிலாக வைத்து, ஓடுகிற வீடியோக்களுக்கெல்லாம் பதில் போட்டுத் தள்ளினார்கள். 'ரிப்ளை கேர்ள்ஸ்' என்று அந்தப் போக்குக்குப் பெயரே வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் எந்த நல்ல வீடியோவைத் திறந்தாலும் பக்கத்தில் அந்தத் தம்ப்நெயில் நின்றது. பார்வையாளர்கள் கொதித்தார்கள்.

2012 மார்ச்சில் யூடியூப் அளவுகோலை மாற்றியது. கிளிக்கைவிடப் பார்த்த நேரம் முக்கியமானது. மாற்றியவுடன் வியூஸ் 20 சதவீதம் விழுந்ததாக, பரிந்துரைப் பகுதியின் பொறியியல் பொறுப்பிலிருந்த கிறிஸ்டோஸ் குட்ரோ 2021இல் எழுதினார். இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். வியூஸ் எண்ணிக்கையால் பிழைக்கும் ஒரு நிறுவனம், அதில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தது. ஏமாந்து கிளிக் செய்தவர் திரும்ப வரமாட்டார் என்ற கவலைதான் அந்த முடிவின் பின்னால் இருந்தது.

நேரத்தை அளந்தால் நேரத்தை ஏமாற்றுவார்கள் இல்லையா? அதுவும் நடந்தது. பத்து நிமிடத்துக்குமேல் ஓடும் வீடியோவின் நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்று இருந்தபோது, மூன்று நிமிட விஷயம் பத்து நிமிடம் ஐந்து விநாடியாக நீண்டது. 2020 ஜூலையில் அந்த எல்லை எட்டு நிமிடமானது. இழுவையும் எட்டு நிமிடமானது. "விஷயத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி" என்று தொடங்கி விஷயத்துக்குள் போகாமலே இருப்பது, "கடைசி வரைக்கும் பாருங்க, ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்பது எல்லாம் இந்தக் காலத்தின் மிச்சங்கள். இன்னும் போகவில்லை.

ஆகவே இன்னொரு அடி எடுத்து வைத்தார்கள். பார்த்த நேரம் பிரயோசனமாக இருந்ததா என்று பார்வையாளரிடமே கேட்டார்கள். வீடியோ பார்த்தபின் சில சமயம் ஐந்து நட்சத்திரக் கேள்வி ஒன்று வருமே, அதுதான். நான்கோ ஐந்தோ நட்சத்திரம் கொடுத்தால் மட்டுமே அது மதிப்புள்ள நேரமாகக் கணக்கில் சேரும் என்று குட்ரோ விளக்கியிருக்கிறார். எல்லோரும் பதில் சொல்வதில்லை. சொன்னவர்களின் பதில்களை வைத்து, சொல்லாதவர் என்ன சொல்லியிருப்பார் என்று கணிக்கும் மென்பொருளை உருவாக்கினார்கள். நீங்கள் அல்காரிதம் என்று திட்டுவது, பெரும் அளவுக்கு, பார்த்தவரின் திருப்தியை ஊகிக்க முயலும் ஒரு கணக்கு. அது தவறும், அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அது எதைத் தேடுகிறது என்பதில் ரகசியம் இல்லை.

இனி ஒரு வீடியோவைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எந்த ஒரு சேனலையும் நான் சுட்டவில்லை. இந்த வகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு மூத்த நடிகரின் படம், அதன்மேல் கணினியில் ஒட்டிய மாலை, ஓரத்தில் மெழுகுவத்தி. "சற்றுமுன் வந்த சோகச் செய்தி, கண்ணீரில் திரையுலகம்" என்று தலைப்பு. திறந்தால் இயந்திரக் குரல் ஒன்று வணக்கம் சொல்லும். சப்ஸ்கிரைப் செய்து பெல் பட்டனை அழுத்தச் சொல்லும். பிறகு நடிகர் பிறந்த ஊர், முதல் படம், வாங்கிய விருதுகள். ஏழாவது நிமிடத்தில் ரகசியம் உடையும்: நடிகர் தன் பழைய நண்பரின் மறைவுக்கு இரங்கல் தெரிவித்தாராம்.

எந்த விநாடியில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் இதன் ரிடென்ஷன் கிராஃபைத் திறந்து பாருங்கள். கோடு நூறில் தொடங்கி, முதல் அரை நிமிடத்துக்குள் மலைச்சரிவுபோல் இறங்கும். முப்பதாவது விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதை யூடியூப் ஸ்டூடியோ தனியாகவே எடுத்துக் காட்டும். பிறகு தரையோடு தரையாக நகரும் கோடு, கடைசிப் பகுதியில் ஒரு சிறு மேடாக எழும். அந்த மேட்டைப் பார்த்து "எண்டிங் நல்லா இருக்கு" என்று மகிழ்கிறவர்களும் உண்டு. அது என்ன தெரியுமா? மனிதர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பதறிப்போய் விரலால் இழுத்துக் கடைசிக்கு ஓடியவர்கள். அவர்களில் அந்த நடிகரின் சொந்தக்காரரும் இருக்கலாம். அந்தப் பதற்றத்துக்கும் சேர்த்துத்தான் விளம்பரக் காசு வந்தது.

கிளிக் விகிதம் உயர்ந்து, பார்த்த நேரம் சரிந்தால் அது தூண்டில் தலைப்பின் அடையாளம், அப்படிப்பட்ட வீடியோவைப் பரிந்துரைப்பது குறையும் என்று யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே ஒரு படி மேலே போனது. வீடியோவில் இல்லாததைத் தலைப்பிலோ தம்ப்நெயிலிலோ சொல்லும் மோசமான வீடியோக்களை, அதுவும் உடனடிச் செய்தி, நாட்டு நடப்பு சார்ந்தவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. அவர்கள் கொடுத்த உதாரணம், குடியரசுத் தலைவர் ராஜினாமா என்று தலைப்பிட்டு உள்ளே அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத வீடியோ. தொடக்கத்தில் ஸ்ட்ரைக் கொடுக்காமல் வீடியோவை மட்டும் நீக்குவோம் என்றார்கள். ஸ்ட்ரைக் வந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்: 90 நாளைக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

நம் ஊரில் இதற்கு ஒரு மாற்று வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கேள்விக்குறி. "பிரபல நடிகை விவாகரத்து?" என்று போட்டுவிட்டால் பொறுப்பு கழிந்ததாக நினைப்பு. பார்க்கிறவர் கேள்விக்குறியைப் படிப்பதில்லை. அவர் மனதில் செய்தி மட்டும் பதிகிறது. எனக்கு இதில் வருத்தத்தைவிடக் கோபம் அதிகம், ஏனென்றால் இதைச் செய்கிறவர்களில் பலர் நல்ல பத்திரிகைப் பயிற்சி பெற்றவர்கள்.

அப்படியானால் கவர்ச்சியான தலைப்பே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். வெரிடாசியம் என்ற அறிவியல் சேனலை நடத்தும் டெரெக் மல்லர் 2021இல் இதைப் பற்றியே ஒரு வீடியோ செய்தார். சிறுகோள்களைப் பற்றி அவர் எடுத்த நல்ல வீடியோ ஒன்று முதலில் சரியாக ஓடவில்லை. தலைப்பையும் தம்ப்நெயிலையும் மாற்றியதும் அதே வீடியோ ஓடியது. ஆர்வத்தைத் தூண்டுவது வேறு, பொய் சொல்லி உள்ளே இழுப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். நான் அதை முழுக்க ஏற்கிறேன். உழைத்துச் செய்த வீடியோவுக்கு மந்தமான தலைப்பு வைப்பது, அதைப் பார்த்திருக்க வேண்டியவருக்குச் செய்யும் அநியாயம். தம்ப்நெயில் பார்த்த எல்லோரும் கிளிக் செய்ய வேண்டும் என்ற ஆசைதான் பொய்யில் தள்ளுகிறது. சேனல்களில் பாதிக்குக் கிளிக் விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் என்று யூடியூபே சொல்கிறது. நூறு பேருக்குக் காட்டினால் ஐந்து பேர் வருவது தோல்வி இல்லை. அந்த ஐந்து பேர் முழுக்கப் பார்த்தார்களா என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அதுதான். அம்மியில் அரைக்கிறார்கள், போடுகிற பொருளின் பெயரை உரக்கச் சொல்லிப் போடுகிறார்கள், சமைத்ததை முதியவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். தலைப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் அண்டாவில் வேகிறது. தமிழே தெரியாதவர்களும் கடைசி வரை பார்க்கிறார்கள். இப்படிச் செய்கிற எல்லோருக்கும் கோடி வரும் என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மையாக வேலை செய்து ஆயிரம் பேரிலேயே நிற்கிற எத்தனையோ சேனல்கள் உண்டு. போட்டி, பருவம், பேசுபொருள் என்று ரீச் குறைய நூறு காரணம் இருக்கும். ஆனால் பொய்யில்லாமல் கோடிக்குப் போக முடியாது என்று சொல்கிறவர்களுக்கு அந்த அண்டா பதில் சொல்லிவிட்டது.

எண்ணிக்கையை விலைக்கு வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் புதிய வீடியோக்களின் வியூஸ் 301இல் போய் உறைந்து நிற்கும். வருகிற வியூஸ் மனிதருடையதா, இயந்திரத்துடையதா என்று சோதித்த பிறகே மேற்கொண்டு எண்ணுவார்கள். 2015இல் அந்த உறைநிலை போனது, சோதனை போகவில்லை. 2018 டிசம்பரில் போலிக் கணக்குகளைத் துடைத்தெடுத்தபோது பல சேனல்களின் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை ஒரே இரவில் இறங்கியது.

நம்மிடையே வாட்ஸ்அப் குழு வைத்து, ஒருவர் சேனலை மற்றவர் சப்ஸ்கிரைப் செய்யும் 'சப் டு சப்' செய்கிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், வீட்டிலிருந்து சமையல் வீடியோ போடும் பெண், வேலை தேடும் இளைஞர். விளம்பர வருமானம் பெற 2018இல் யூடியூப் வைத்த எல்லை, 1,000 சப்ஸ்கிரைபரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும், அவர்களை அந்தக் குழுக்களுக்குத் தள்ளுகிறது. அவர்களிடம் அக்கறையோடு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அது விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படிச் சேர்கிற ஆயிரம் பேரும் உங்கள் சமையலைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. கல்யாணப் பத்திரிகையைப் பூட்டிய வீடுகளின் கதவில் செருகிவிட்டு வருவதுபோல் அது. அடுத்த வீடியோ போட்டால் அந்த ஆயிரத்தில் ஒருவரும் திறக்கமாட்டார். 4,000 மணி நேரம் அவர்களால் நிரம்பாது.

பிறர் வேலையை எடுத்துப் போடுவதற்கும் இப்போது கதவு மூடிக்கொண்டிருக்கிறது. டிக்டாக் முத்திரையோடு வரும் வீடியோக்களை ரீல்ஸில் அதிகம் காட்டமாட்டோம் என்று இன்ஸ்டாகிராம் 2021இலேயே சொன்னது. 2024 ஏப்ரலில், மற்றவர் வீடியோக்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போடும் கணக்குகளைப் பரிந்துரையிலிருந்தே நீக்குவோம் என்றது. 2025 ஜூலையில் யூடியூப், ஒரே அச்சில் வார்த்ததுபோல் மொத்தமாக உற்பத்தி செய்யும் வீடியோக்களுக்கு மானிடைசேஷன் கிடையாது என்ற தன் பழைய விதியைக் கூர்மையாக்கியது. செயற்கை நுண்ணறிவுக் குரலைப் பயன்படுத்தினாலே குற்றம் என்று பலர் பயந்தார்கள். அப்படி இல்லை. கருவி எதுவானாலும் உங்கள் சிந்தனை அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நடக்காததை நடந்ததுபோல் தத்ரூபமாகக் காட்டினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி 2024 மார்ச்சிலிருந்தே இருக்கிறது.

அடுத்து, காசு வாங்கிக்கொண்டு வாங்காததுபோல் பேசுவது. இதில் நிறையத் தெளிவு தேவை, ஏனென்றால் இது வெறும் தள விதி இல்லை, நாட்டின் சட்டம். ஒன்றிய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வீடியோவில் புரொமோஷன் செய்தால் அதைக் குரலிலும் சொல்ல வேண்டும், திரையிலும் காட்ட வேண்டும். டிஸ்க்ரிப்ஷனில் அடியில் எழுதுவது போதாது. நேரலை என்றால் முழுக்கத் திரையில் இருக்க வேண்டும். விளம்பரத் தரக் கண்காணிப்புக்கான ஆஸ்கி அமைப்பு 2021இலேயே இன்னும் நுணுக்கமாக வகுத்தது: இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் அந்தப் பொருளின் சிறப்பைப் பேசும் பகுதி முழுவதும் விளம்பரம் என்ற குறிப்பு தெரிய வேண்டும். காசு மட்டும் கணக்கில்லை. இலவசமாக வந்த போன், ஓட்டலில் தங்கிய இரண்டு நாள், பரிசுக் கூடை எல்லாம் சேர்த்திதான். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. விளம்பரம் செய்கிறவருக்குத் தடையும் விதிக்கலாம்.

"இது விளம்பரம்னு சொன்னா யாரு பார்ப்பா?" என்று கேட்கிறார்கள். சொல்லாமல் பார்க்க வைத்தால் அதற்கு என்ன பெயர் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கிறவர் உங்களை அண்ணன், அக்கா என்று கமெண்டில் கூப்பிடுகிறார். அந்த உறவை நம்பித்தான் முகக்கிரீமை வாங்குகிறார். கிரீம் என்றால் நூறு இருநூறு ரூபாயோடு போகும். பங்குச் சந்தை என்றால் சேமிப்பு போகும். அதனால்தான் 2025 ஜனவரியில் ஒழுங்குமுறை அமைப்பான செபி, பங்குச் சந்தைக் கல்வி என்று சொல்லிக்கொண்டு கடந்த மூன்று மாத விலையைப் பயன்படுத்துவதற்கே தடை போட்டது. பந்தயச் செயலிகளுக்குப் புரொமோஷன் செய்தவர்களைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி வந்துகொண்டே இருந்த காலத்தில், சிரித்த முகத்தோடு லிங்க் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் தடை செய்துவிட்டது.

மருத்துவத்திலோ உயிரே போகும். 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம்பெண் இறந்தார். இணைய வீடியோ பார்த்துத்தான் முயன்றார்கள் என்று செய்திகள் சொல்லின. அந்த வீடியோவை எடுத்தவருக்கு இவர்களைத் தெரிந்திருக்காது. எத்தனை வியூஸ் என்பது மட்டும்தான் அவர் திரையில் தெரிந்திருக்கும். ஒரு வியூவுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்பதை நாம் பயிற்சி செய்துதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும், ஏமாற்றினால் உங்கள் சேனலுக்கு நஷ்டம் என்ற வாதம்தான் இருந்தது. அது உண்மை, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. ஏமாற்றுகிறவருக்கு நஷ்டம் வருவதற்கு முன்பே, பல நேரம் அவருக்கு நஷ்டமே வராமலும், வேறொருவர் அடிபடுகிறார்.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவின. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு, அவற்றில் இரண்டு வீடியோக்கள் பொய் என்று விளக்கினார். ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரு தரப்பாக மோதிக்கொண்டது. எங்கோ எப்போதோ எடுத்த காட்சி, அதன்மேல் ஒரு புதுத் தலைப்பு. அவ்வளவுதான் வேலை. இன்னொரு வீடியோவில் காயம்பட்ட தொழிலாளர்களாகக் கட்டுப் போட்டுக்கொண்டு பேசியவர்கள், பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்தவர்கள் என்று பீகார் காவல்துறையே கண்டறிந்தது.

அந்த நாட்களில் திருப்பூரில் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். ஒரு பனியன் கம்பெனியில் தைக்கிற இருபது வயதுப் பையன். ஊரிலிருந்து அம்மா போன் செய்கிறார், அங்கே வெட்டுகிறார்களாமே, உடனே கிளம்பி வா என்கிறார். இங்கே எல்லாம் அமைதியாகத்தான் இருக்கிறது என்று அவன் சொன்னால் நம்பமாட்டார், கையிலுள்ள போனில் வீடியோ ஓடுகிறதே. ஹோலி சமயம் வேறு. ஊருக்குப் போகிற கூட்டத்தில் எவர் பண்டிகைக்குப் போகிறார், எவர் பயந்து போகிறார் என்று முதலாளிகளுக்கே தெரியவில்லை. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்தது. இரு மாநில முதல்வர்கள் போனில் பேசினார்கள். காவல்துறையினர் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய் இந்தியில் தைரியம் சொன்னார்கள். இத்தனை பேர் சேர்ந்து, ஒரு பொய்த் தலைப்பு கிளப்பிய பயத்தை அணைத்தார்கள்.

இதைப் பீகார்க்காரர்கள் நமக்குச் செய்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள். வட மாநிலத் தொழிலாளர் என்று தலைப்பிட்டு, பழைய சண்டைக் காட்சியைப் புதுச் செய்தியாகப் போடும் பழக்கம் தமிழிலும் உண்டு. காட்சி எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்ற மூன்றும் தெரியாமல் ஒரு வீடியோவைப் பதிவேற்றக் கூடாது. வேறு எந்த நுட்பம் மறந்தாலும் இதை மட்டும் மாணவர்கள் மறக்க வேண்டாம்.

இன்னொரு சம்பவம் நம் சென்னையில். 2021 ஜனவரியில், பெசன்ட் நகர் கடற்கரையில் பெண்களிடம் ஆபாசமாகப் பேச்சுக் கொடுத்துப் படம் எடுத்த யூடியூப் சேனலைச் சேர்ந்த மூவர் கைதானார்கள். அவர்கள் வெளியிட்ட பேட்டி ஒன்றில் பேசிய பெண், அது முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துப் பேச வைத்தது என்று பிறகு சொன்னார். இதற்குள் பார்த்தவர்கள் எல்லோரும் அதை அந்தப் பெண்ணின் சொந்தப் பேச்சு என்று நம்பி, கமெண்டில் அவரைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். 'பப்ளிக் ஒபினியன்' என்ற பெயரில் நடிப்பை உண்மையாகக் காட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பார்க்கிறவருக்குத் தெரியாதது ஒருபுறம் இருக்கட்டும், கேமரா முன்னால் நிற்கிறவருக்காவது நாளை என்ன நடக்கும் என்று நீங்கள் சொன்னீர்களா? அந்த சேனலுக்கு வியூஸ் லட்சக்கணக்கில் வந்தது. அல்காரிதம் அதைத் தடுக்கவில்லை.

ஆம், தளங்கள் நீதிமான்கள் இல்லை. ஃபேஸ்புக் 2016இல், வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற தன் கணக்கே பெரிய அளவில் ஊதிப்போயிருந்ததை ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைச் சராசரியில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டு, 2019இல் 4 கோடி டாலருக்குச் சமரசமானது. அந்தக் காலத்தில் அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் பல, எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோவுக்குத் தாவின. எண் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் இப்படியும் ஆகும். ஆகவே தளம் அனுமதிக்கிறதா என்பதை நீங்கள் கடைசியாகக் கேளுங்கள். பார்க்கிறவருக்குத் தெரிந்தால் ஒப்புக்கொள்வாரா என்பதை முதலில் கேளுங்கள்.

கடைசியாக, தவறிவிட்டால் என்ன செய்வது. வேகமாக வேலை செய்கிற எவருக்கும் தவறு வரும். சத்தமில்லாமல் வீடியோவை எடுத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருப்பதுதான் நம்மிடையே வழக்கம். அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. தலைப்பையும் தம்ப்நெயிலையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், லிங்க்கும் மாறாது, வியூஸும் குறையாது. தவறான பகுதியை ஸ்டூடியோவிலேயே வெட்டி எடுக்கலாம். 2022இல் யூடியூப் திருத்தத்துக்கென்றே ஒரு வசதி கொண்டுவந்தது: டிஸ்க்ரிப்ஷனில் ஆங்கிலத்தில் கரெக்ஷன்ஸ் என்று தலைப்பிட்டு, எந்த நிமிடம் எந்த விநாடி என்று குறித்துச் சரியான தகவலை எழுதினால், வீடியோ அந்த இடத்துக்கு வரும்போது பார்க்கிறவருக்குத் திரை மூலையில் திருத்தக் குறிப்பு தோன்றும். பெரிய தவறு என்றால் அது போதாது. முதல் வீடியோ எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் திருத்தமும் போக வேண்டும். தனி வீடியோவாக, உங்கள் முகத்தோடு, தலைப்பிலேயே சொல்லிப் போடுங்கள்.

அந்தத் தவறில் ஒருவருடைய பெயரோ முகமோ மாட்டிக்கொண்டிருந்தால், வீடியோவை வெட்டுவதற்கும் திருத்தம் எழுதுவதற்கும் முன்னால் அவருக்குப் போன் செய்யுங்கள். என்ன திருத்தப் போகிறீர்கள் என்று வாசித்துக் காட்டி, இது போதுமா என்று கேளுங்கள். இனி உங்கள் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.